முகம் ஒன்று, கோப்பு இரண்டு

பல் சீரமைப்பு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் இரட்டைக் குழந்தைகளின் தெத்துப்பல் குறித்து ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்பதை அடுத்தடுத்து வந்த கடிதங்கள் உணர்த்தின. ஆகவே இம்முறை இரட்டையர் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள்கள் இருவரும் ஒருகரு இரட்டையர், வயது 12. இருவருக்கும் மேல்வரிசை முன்பற்கள் எடுப்பாகவும் கீழ்த்தாடை சற்று உள்வாங்கியும் இருக்கின்றன. பரிசோதித்த பல் சீரமைப்பு மருத்துவர், முதலில் இருவருக்கும் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் கழற்றி மாட்டும் கருவியைக் கொடுத்து, அதன்பின் கம்பி போடலாம் என்றார். ஆனால் மூத்தவளுக்கு மட்டும் மேல்வரிசையில் இரண்டு பற்களை எடுக்க வேண்டிவரலாம் என்றும், இளையவளுக்கு அது தேவைப்படாது என்றும் சொல்கிறார். ஒரே முகம், ஒரே குறை. சிகிச்சை மட்டும் எப்படி வேறாகும்? பல்லை எடுத்தால் மூத்தவளின் முகம் ஒடுங்கி, இருவரும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவார்களோ என்று என் கணவர் அஞ்சுகிறார். இன்னொரு செய்தி: மூத்தவளுக்கு ஐந்து வயதில் மேல்வரிசைக் கடைவாய்ப் பால்பற்கள் இரண்டு சொத்தையாகி எடுக்கப்பட்டன. எட்டு வயது வரை விரல் சூப்பும் பழக்கமும் அவளுக்கு இருந்தது.

பதில்: கடைசி இரண்டு வாக்கியங்களை ‘இன்னொரு செய்தி’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் என்பதால் உங்கள் மகள்களின் மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. தாடை எலும்பின் நீளம், அது வளரும் திசை, பல்லின் அளவு, வடிவம் ஆகியவற்றில் மரபணுவின் பிடி வலுவானது. ஆனால் ஒவ்வொரு பல்லும் வரிசையில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. அங்கே நாக்கும் உதடும் கன்னமும், பால்பல் எப்போது விழுந்தது என்பதும், வாயில் எந்தப் பழக்கம் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதும் புகுந்துகொள்கின்றன. கீழ்த்தாடை பின்தங்கியிருப்பது இருவருக்கும் பொதுவாக இருப்பதும், பற்களின் நெருக்கம் ஒருத்திக்கு மட்டும் கூடுதலாக இருப்பதும் இதனால்தான்.

மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைத்தான் கடி என்கிறோம். கடிக் குறைகள் எல்லாவற்றிலும் மரபின் பங்கு ஒரே அளவில் இருப்பதில்லை. மேல் முன்பற்கள் வெளியே துருத்தாமல் உட்புறமாகச் சாய்ந்து, கீழ்ப்பற்களை ஆழமாக மூடிக்கொள்ளும் ஒருவகைக் கடி உண்டு. 1992-ஆம் ஆண்டு மார்க்கோவிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், அக்குறை காணப்பட்ட ஒருகரு இரட்டையர் இணைகள் அனைத்திலும் இருவருக்குமே அது இருந்தது. இரண்டு கருமுட்டைகளிலிருந்து பிறந்த இருகரு இரட்டையரிலோ மிகப் பெரும்பாலான இணைகளில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. உங்கள் மகள்களுக்கு இருப்பது அந்த வகை அன்று. முன்பற்கள் எடுப்பாக இருக்கும் வகையில், பிறப்போடு வந்ததும் பிறகு சேர்ந்ததும் கலந்தே இருக்கும்.

மூத்தவளின் வாயில் நடந்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். ஆறு வயதையொட்டி, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. முன்னால் நிற்கும் பால்பல்தான் அதற்கு அணை. அந்த அணை ஐந்து வயதிலேயே அகற்றப்பட்டு, இடத்தைக் காக்கும் கம்பி வளையமும் பொருத்தப்படாமல் போயிருந்தால், முளைக்கிற கடைவாய்ப்பல் காலியிடத்தை நோக்கி நகர்ந்துவிடும். பின்னால் வரவேண்டிய முன்கடைவாய்ப் பற்களுக்கும் சிங்கப்பல்லுக்கும் வைத்திருந்த இடம் இப்படித்தான் பறிபோகிறது. விரல் சூப்பும் பழக்கம் மேல் முன்பற்களை வெளியே தள்ளி மேல்வரிசையைக் குறுக்கவும் செய்யும். தங்கைக்கு இவை இரண்டும் நேரவில்லை என்றால், அவளுடைய பல்வரிசையில் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, பல் எடுப்பதைப் பற்றிய அச்சம். இது இன்று நேற்று தோன்றியதன்று. கடிக் குறைகளை 1899-இல் வகைப்படுத்தி இத்துறைக்கு அடித்தளமிட்ட எட்வர்ட் ஆங்கிள், எந்தப் பல்லையும் எடுக்காமலே ஒழுங்கான கடியை அமைக்கலாம் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அவருடைய மாணவரான சார்லஸ் ட்வீட், அதே வழியில் தாம் சிகிச்சை அளித்தவர்களுக்குப் பற்கள் மீண்டும் இடம் மாறியதையும் வாய் எடுப்பாக நின்றுவிட்டதையும் கண்டு, பலருக்குப் பற்களை எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். குருவும் சீடரும் எதிரெதிராக நின்ற அந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. நாங்கள் ஒவ்வொரு வாயிலும் அதை மறுபடி விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

முகம் ஒடுங்குமா என்பதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். இத்தகைய சிகிச்சையில் பெரும்பாலும் எடுக்கப்படுவது, சிங்கப்பல்லுக்கு அடுத்து நிற்கும் மேல்வரிசை முதல் முன்கடைவாய்ப்பல். அதன் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். மூத்தவளுக்கு ஒரு பக்கத்தில் 5 மில்லிமீட்டர் நெருக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பல்லின் இடத்தில் பெரும்பகுதி அந்த நெருக்கத்தை அவிழ்க்கவே செலவாகிவிடும். முன்பற்கள் உள்ளே செல்ல எஞ்சுவது 2 மில்லிமீட்டர்தான். உதட்டின் தோற்றத்தை மாற்றுவது முன்பற்கள் எவ்வளவு உள்ளே செல்கின்றன என்பதேயன்றி, எத்தனை பற்கள் எடுக்கப்பட்டன என்பது அன்று. நெருக்கமே இல்லாத தங்கைக்கு, அக்காவுக்குச் செய்ததையே செய்யவேண்டும் என்று எண்ணி இரண்டு பற்களை எடுத்தால், அந்த 7 மில்லிமீட்டர் முழுவதும் முன்பற்கள் பின்னுக்குச் செல்லத் திறந்துவிடும். உங்கள் கணவர் அஞ்சும் வேறுபாடு அப்போதுதான் வரும். இருவரின் முகமும் ஒன்றுபோல் இருக்கவேண்டுமானால், சிகிச்சை வேறாக இருப்பதே நல்லது.

ஆயினும் பல் எடுக்கும் முடிவை இன்றே இறுதி செய்ய வேண்டியதில்லை. முதற்கட்டக் கருவி தன் வேலையை முடித்தபின் புதிய எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்துப் பார்த்துத் தீர்மானிப்பதே முறை. உங்கள் மருத்துவர் ‘வேண்டிவரலாம்’ என்று சொன்னதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் இப்போதே கேளுங்கள்: முன்னுக்கு நகர்ந்துவிட்ட கடைவாய்ப்பற்களைப் பின்னுக்குத் தள்ளி இடத்தை மீட்க முடியுமா? இரண்டாம் கடைவாய்ப்பற்கள் முளைத்து நிலைகொள்ளும் முன் அது எளிது. அவை முளைக்கும் வயது 12-ஐ ஒட்டியது என்பதால், இந்தக் கேள்வி ஓராண்டு கழித்துக் கேட்கப்பட வேண்டியதன்று.

அந்தக் கழற்றி மாட்டும் கருவியின் பெயர் ‘ட்வின் பிளாக்’ (இரட்டைக் கட்டை) என்று குறித்து, அது இரட்டையருக்காகவே செய்யப்பட்டதா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். படித்துச் சிரித்துவிட்டேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கியது அது. மேல்தாடைக்கு ஒன்றும் கீழ்த்தாடைக்கு ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகப் பொருந்துவதால் அப்பெயர். பிறப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை அணிந்தால் கீழ்த்தாடை முன்னே வந்துதான் வாயை மூட முடியும். பெண் குழந்தைகளுக்கு வளர்ச்சி வேகம் பிடிக்கும் பருவத்தில் இது நன்கு பலன் தரும். ஆனால் தாடை இதனால் பெரிதும் நீண்டுவிடும் என்று எண்ண வேண்டாம். பலனின் பெரும்பகுதி பற்களின் நகர்விலிருந்தே வருகிறது. முழுநேரமும் அணிந்தால்தான் அதுவும். இருவரில் ஒருத்தி பள்ளிக்குப் போனதும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டால், எட்டு மாதத்தில் உங்கள் வீட்டில் இரண்டு வேறு கடிகள் இருக்கும். அதற்கு மரபணுவைக் குறைசொல்ல இயலாது.

கேள்வி: என் இரட்டை மகன்களுக்கு வயது 9. இருவருக்கும் கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் கடிக்கின்றன. என் தந்தைக்கும் அப்படித்தான். நெற்றியிலும் முகவாயிலும் பட்டை ஊன்றி, மேல்தாடையை முன்னிழுக்கும் கருவியை இரவில் அணியவேண்டும் என்கிறார் மருத்துவர். இருவரும் ஒரே மாதிரி என்பதால், முதலில் ஒருவனுக்கு மட்டும் போட்டுப் பார்த்து, பலன் தெரிந்தபின் மற்றவனுக்குத் தொடங்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் யோசனை ஆராய்ச்சியாளனுக்கு உரியது. இரட்டையரில் ஒருவருக்குச் சிகிச்சை அளித்து மற்றவரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் முறை அறிவியலில் உண்டு. தகப்பனாருக்கு அது பொருந்தாது.

காரணம் இதுதான். மேல்தாடை எலும்பு முகத்தின் பிற எலும்புகளோடு சேரும் பொருத்துகள் சிறுவயதில் இளக்கமாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கவ்வி இறுகிவிடும். இந்த முகக் கருவி சுமார் 10 வயதுக்குள் தொடங்கப்பட்டால்தான் எலும்பை நகர்த்துவதில் நல்ல பலன் தருகிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரமாவது அணியவேண்டிய இந்தக் கருவியின் பலனைக் காண ஏறக்குறைய ஓராண்டு ஆகும். முதல் மகனின் முடிவை நீங்கள் பார்த்து முடிக்கும்போது இரண்டாம் மகனுக்குரிய காலம் கையைவிட்டுப் போயிருக்கும். ஒருவருக்குப் பலித்தது மற்றவருக்கும் அதே அளவில் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை, ஏனெனில் கருவியை எத்தனை மணி நேரம் அணிகிறார்கள் என்பது மரபணுவில் எழுதப்படுவதன்று.

தாத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியது முக்கியமான குறிப்பு. முன்னே நீளும் கீழ்த்தாடை குடும்பங்களில் வழிவழியாக வருவது நெடுங்காலமாக அறியப்பட்டது; ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாக அந்தத் தாடையைக் காணலாம், 1700-இல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸின் முகத்தில் அது உச்சத்தை எட்டியது. ஆகவே இப்போது முன்பற்கள் சரியான கடிக்கு வந்துவிட்டாலும் கணக்கு முடிந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். ஆண் பிள்ளைகளின் கீழ்த்தாடை பதின்பருவத்தின் இறுதிவரை வளரும். வளர்ச்சி முழுதும் நின்றபின் சிலருக்குத் தாடை அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இதை மருத்துவர் இப்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இருவரும் ஒரே நாளில் தொடங்குவது வீட்டில் சிரமம் என்றால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். இரண்டு ஆண்டு வேண்டாம்.

கேள்வி: ஒருகரு இரட்டையரான என் பிள்ளைகளில் ஒருவனுக்கு இடப்பக்கச் சிங்கப்பல் மேலே ஏறி நிற்கிறது, மற்றவனுக்கு வலப்பக்கம். இது ஏதாவது நோயின் அறிகுறியா?

பதில்: நோயன்று. கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் ஒருவரின் வலம் மற்றவருக்கு இடமாக அமைவது ஒருகரு இரட்டையரில் சிலரிடம் காணப்படுவதுதான். ஒருவர் வலக்கையாலும் மற்றவர் இடக்கையாலும் எழுதுவதும், தலைமுடியின் சுழி எதிரெதிர்த் திசையில் அமைவதும் இத்தகையவையே.

இருவருக்கும் பல் வெளியே தெரிகிறது என்பது நல்ல செய்தி. மேல் சிங்கப்பல் அண்ணத்தின் பக்கம் புதைந்து, வெளியே வராமலே நின்றுவிடுவது சுமார் 2 சதவீதம் பேருக்கு நேர்கிறது. 10 வயதையொட்டி ஈற்றின் வெளிப்புறத்தில், பால் சிங்கப்பல்லுக்கு மேலே, விரலால் தடவினால் ஒரு புடைப்புத் தட்டுப்படவேண்டும். தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். இரட்டையரில் ஒருவருக்குப் புதைந்த பல்லோ, பிறவியிலேயே முளைக்காத பல்லோ இருப்பது தெரிந்தால், மற்றவரையும் அதே வாரத்தில் பரிசோதியுங்கள். ஒருவரிடம் கண்டது, மற்றவரிடம் தேடுவதற்கான காரணமேயன்றி, அவரிடமும் இருக்கிறது என்பதற்கான சான்று அன்று. பல் முளைக்காமைக்கு மரபணுக் காரணங்கள் அறியப்பட்டிருந்தும், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இரண்டு பற்களும் மற்றவருக்கு ஒன்று மட்டும் முளைக்காதிருப்பதுண்டு.

கேள்வி: 15 வயதான என் மகன்கள் இருவரும் ஒரே நாளில் கம்பி போட்டுக்கொண்டார்கள். ஒருவனுக்கு 18 மாதத்தில் முடிந்துவிட்டது. மற்றவனுக்கு 24 மாதமாகியும் முடியவில்லை. மருத்துவர் அவனைச் சரியாகக் கவனிக்கவில்லையோ?

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் வேறிடத்தில் தேடுவேன். பல் நகர்வது எலும்பு ஒருபுறம் கரைந்து மறுபுறம் உருவாவதால். இந்த வேலை மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்ற அளவில்தான் நடக்கும்; விசையைக் கூட்டினாலும் வேகம் கூடாது, வேரின் நுனி கரையும் ஆபத்துதான் கூடும். எனவே காலம் எங்கே வீணாயிற்று என்று பாருங்கள். மருத்துவரிடம் உள்ள குறிப்பை வாங்கி, பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் எத்தனை முறை பெயர்ந்தது, எத்தனை முறை குறித்த நாளில் போகவில்லை என்று எண்ணுங்கள். பெயர்ந்த பிராக்கெட்டை வீட்டில் சொல்லாமல் ஒருமாதம் ஓட்டிவிட்டால் அந்தப் பல் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். அதை மறுபடி இழுத்து வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். மேலும் கீழும் மாட்டும் ரப்பர் வளையங்களை இரவில் மட்டும் மாட்டுகிறவனுக்கும் நாள் முழுதும் மாட்டுகிறவனுக்கும் இடையே ஆறு மாத வேறுபாடு வருவதில் வியப்பில்லை.

குறிப்பில் ஒன்றும் தென்படாவிட்டால், இன்னும் எது பாக்கி, எதனால் என்று மருத்துவரையே கேளுங்கள். அவர் பல் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் உங்களிடம் வேண்டுகிறேன்: கம்பி கழற்றியவனின் சிரிப்பைக் காட்டி மற்றவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். வெறுத்துப்போய், முடியாத நிலையிலேயே கம்பியைக் கழற்றச் சொல்லி அடம்பிடித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு வயது 23. அக்கா, தங்கை இருவருக்கும் ஐந்து மாதம் முன்பு சிகிச்சை முடிந்து, பற்கள் நகராமலிருக்க நிறமற்ற பிளாஸ்டிக் ரீடெய்னர் கொடுத்தார்கள். கடந்த வாரம் தெரியாமல் ஒருவருடையதை மற்றவர் மூன்று இரவுகள் அணிந்துவிட்டோம். இறுக்கமாக இருந்தது. இப்போது சொந்த ரீடெய்னரும் இறுக்குகிறது. எங்கள் பற்கள் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, இதனால் கெடுதி வருமா?

பதில்: ஒன்றுபோலத் தெரிவதில் ஏமாந்தவர்கள் நீங்கள் மட்டுமல்லர். என் தொழிலின் தொடக்க ஆண்டுகளில், இரட்டைச் சகோதரிகளில் மூத்தவளின் பெயரைச் சொல்லி அழைத்தேன். ஒரு சிறுமி வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். மூத்தவளுக்கென எடுத்து வைத்திருந்த தடித்த கம்பியை மாட்டத் தொடங்கினேன். இடப்பக்க இரண்டாம் வெட்டுப்பல்லின் பிராக்கெட்டில் அது எவ்வளவு அழுத்தியும் உட்காரவில்லை. பிராக்கெட்டைக் கோணலாக ஒட்டிவிட்டேனோ என்று என்னையே நொந்துகொண்டு பத்து நிமிடம் போராடினேன். கம்பியை வெளியே எடுத்தபோது அந்தப் பெண் மெதுவாக, “டாக்டர், நான் சின்னவள், அக்கா கை கழுவப் போயிருக்கிறாள்” என்றாள். வாயைத் திறந்து வைத்திருந்த பிள்ளை எப்படி முன்பே சொல்வாள்? அன்றுமுதல் இரட்டையரை ஒரே நாளில் அழைத்தாலும் ஒரே நேரத்தில் அழைப்பதில்லை. கோப்பின் அட்டையில் பெயரைவிடப் பெரிதாக ஓர் அடையாளக் குறியையும் எழுதி வைக்கிறேன்: ‘வலது கீழ்ச் சிங்கப்பல்லில் சிறு மூளி’ என்பதுபோல.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பற்களைப் படிப்படியாக நகர்த்தும் அலைனர் என்ற பிளாஸ்டிக் உறை, ஒன்றுக்கு ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர்தான் பல்லை நகர்த்துகிறது. உங்கள் இருவரின் பல்வரிசையிலும் எங்கோ ஓரிடத்தில் அந்த அளவு வேறுபாடு இருந்தாலே போதும், தங்கையின் ரீடெய்னர் அக்காவின் வாயில் அலைனராகிவிடும். சிகிச்சை முடிந்து ஐந்தே மாதம் ஆகியிருப்பதால், பற்களைச் சுற்றியுள்ள ஈற்றின் நார்கள் இன்னும் புதிய இடத்துக்கு முழுதாகப் பழகியிருக்காது. அதற்கு ஓராண்டு வரை ஆகும். ஆகையால் மூன்று இரவுகளில் ஒன்றிரண்டு பற்கள் சிறிது அசைந்திருப்பது இயல்பே.

சொந்த ரீடெய்னரை மாட்டிக் கண்ணாடியில் பாருங்கள். பல்லின் விளிம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையில் வெற்றிடம் தெரியாமல் முழுதாக உட்கார்ந்து, இறுக்கம் மட்டும் இருந்தால், ஒரு வாரம் இரவும் பகலும் அணியுங்கள். உண்ணும்போது மட்டும் கழற்றுங்கள். இறுக்கம் தளர்ந்தபின் உங்கள் மருத்துவர் சொன்ன பழைய முறைக்குத் திரும்பலாம். வெற்றிடம் தெரிந்தால் கடித்து அழுத்தி உட்காரவைக்க முயலாமல், இந்த வாரமே இருவரும் போய்ப் புதிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் போய் இரண்டு செய்து வாங்கிவர வேண்டாம். அடையாளத்துக்குப் பேனாவால் எழுதினால் சில நாளில் அழிந்துவிடும். செய்யும்போதே பின்பகுதியில் பெயரின் முதலெழுத்தைப் பதித்துத் தரச் சொல்லுங்கள், பெட்டிகளையும் வெவ்வேறு நிறத்தில் கேளுங்கள். மாற்றி அணிந்ததை நினைத்து அருவருப்புப்பட்டு வெந்நீரில் போட்டுவிடாதீர்கள்; பிளாஸ்டிக் நெளிந்து போகும். குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷும் போதும்.